சொந்தமில்லை, கூட்டாளிதான்

வாசகர் கேள்வி – பதில்

நவம்பர் 2, கல்லறைத் திருநாள், நெருங்கினால் கல்லறைக் கேள்விகள் வந்து குவியும். இந்த முறை பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலிருந்தும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் வந்த கடிதங்களை எழுதியவர்களில் பெரும்பாலோர் இறந்தவருக்குச் சொந்தக்காரர் அல்லர். ஒரே லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) வளர்ந்தவர்கள், பக்கத்துப் பக்கத்து நெரையில் (ரப்பர் மர வரிசையில்) பால் வெட்டியவர்கள், ஒரே கோயிலில் பாடியவர்கள். "எனக்கு உரிமை உண்டா?" என்ற தயக்கம் எல்லாக் கடிதத்திலும் இருக்கிறது.

கே: கூட்டாளியும் நானும் 60 வருடப் பழக்கம். அவர் பிள்ளைகள் கோலாலம்பூரில் இருக்கிறார்கள். நான் போய் அவர் பெயருக்குப் பூசை கேட்கலாமா? எப்படிக் கேட்பது?

தாராளமாகக் கேட்கலாம், ஐயா. பூசைக் கருத்துக் கொடுக்க, அதாவது இன்னாருக்காக என்று சொல்லிப் பூசை கேட்க, இரத்த உறவு வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. அலுவலகத்தில் "நீங்கள் அவருக்கு என்ன முறை?" என்று கேட்டால், "கூட்டாளி" என்று சொல்லுங்கள், போதும்.

வாயால் சொல்லாமல் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். திருமுழுக்குப் பெயர், ஊரில் கூப்பிட்ட பெயர், இறந்த தேதி, "ஆன்ம இளைப்பாற்றிக்காக" என்ற சொல். தோட்டத்தில் சாமிக்கண்ணு என்று 50 வருடம் கூப்பிட்டவரின் ஞானஸ்நானப் பெயர் அந்தோணிசாமி என்று இருக்கும். ஒன்றை மட்டும் வாசித்தால் பாதிப் பேருக்கு யாருக்கான பூசை என்றே தெரியாது. பெயரைத் தமிழிலும் ரோமன் எழுத்திலும் எழுதுங்கள். அன்றைக்குப் பூசை வைக்க வருபவர் தமிழ் வாசிக்கத் தெரியாத குருவாக இருக்கலாம்.

தேதியில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பங்குத்தந்தை ஞாயிறுதோறும் ஒரு பூசையைத் தம் பங்கு மக்கள் அனைவருக்காகவும் ஒப்புக்கொடுக்கக் கடமைப்பட்டவர் (திருச்சபைச் சட்டம் 534). ஒரே குரு, ஞாயிறு ஒரே பூசை என்ற சிற்றூரில் அந்த இடம் முன்பே போய்விடுகிறது. வாரநாள் பூசையைக் கேட்டால் உங்கள் கூட்டாளியின் பெயருக்கென்று தனிப் பூசை கிடைக்க வாய்ப்பு அதிகம். நினைவுநாள் பெரிய வெள்ளியிலோ பெரிய சனிக்கிழமைப் பகலிலோ விழுந்தால் அன்று பூசையே கிடையாது. ஈஸ்டர் கழித்துக் கேளுங்கள்.

"தனிக் கருத்தா, கூட்டுக் கருத்தா?" என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். தனிக் கருத்துக்கு ஒரு காணிக்கை, ஒரு பூசை என்பது விதி. பலருடைய கருத்துகளைச் சேர்த்து ஒரே பூசையாக வைப்பதை 1991இல் வத்திக்கான் அனுமதித்தது. ஆனால் கொடுப்பவருக்கு முன்பே சொல்லி, அவர் சம்மதித்திருக்க வேண்டும். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் என்ற வரம்பும் அந்த 1991 ஆணையில் இருந்தது. பூசையில் பத்துப் பெயரோடு உங்கள் கூட்டாளியின் பெயரும் சேர்ந்து வாசிக்கப்பட்ட பிறகு மனம் சங்கடப்படுவதைவிட முதலிலேயே கேட்பது நல்லது. காணிக்கைத் தொகை இடத்துக்கு இடம் மாறும், அலுவலகத்தில் சொல்வார்கள். கையில் பணமில்லை என்றாலும் கேளுங்கள். காணிக்கை இல்லாவிட்டாலும் ஏழைகளின் கருத்துக்குப் பூசை வைக்கும்படி குருக்களைச் சட்டமே (945) வலியுறுத்துகிறது.

நவம்பரில் இன்னும் இரண்டு வழி உண்டு. இரண்டாம் தேதி ஒவ்வொரு குருவும் மூன்று பூசை வைக்கலாம். 1915இல் பதினைந்தாம் ஆசீர்வாதப்பர் கொடுத்த அனுமதி அது. அந்த மூன்றில் ஒன்றை மட்டுமே தனிக் கருத்துக்கு வைக்க முடியும் என்பதால் அந்த நாளைக் குறிவைத்து அடித்துக்கொள்ள வேண்டாம். மற்றது, நவம்பர் 1 முதல் 8 வரை கல்லறைக்குப் போய் இறந்தோருக்காக மன்றாடினால் கிடைக்கும் பரிபூரண பலன் (பாவத்துக்கான தண்டனை முழுவதும் நீங்கும் சலுகை). ஒரு நாளைக்கு ஒன்று, இறந்தவருக்கே ஒப்புக்கொடுக்க வேண்டும். பாவசங்கீர்த்தனம், நற்கருணை, பாப்பரசரின் கருத்துக்காக ஒரு ஜெபம், பாவத்தின் மேல் பற்றின்மை ஆகியவை நிபந்தனை. இதற்கும் சொந்தமா, கூட்டாளியா என்ற கேள்வியே இல்லை.

கே: எனக்கு வயது 78. எனக்குப் பிறகு அவளை நினைக்க யாருமில்லை. அடுத்த 10 வருடத்துக்கான பூசைக் காணிக்கையை இப்போதே மொத்தமாகக் கட்டிவிடலாமா?

முடியாது, அம்மா. ஓர் ஆண்டுக்குள் தாம் வைத்து முடிக்கக்கூடிய பூசைகளுக்கு மேல் எந்தக் குருவும் காணிக்கை வாங்கக் கூடாது என்கிறது சட்டம் 953. குரு மாறுவார், பதிவேடு மாறும், கொடுத்த பணத்துக்குப் பூசை நடந்ததா என்று யாராலும் சொல்ல முடியாமல் போகும். அதற்காகத்தான் இந்தக் கட்டுப்பாடு. நிலையான நிதி வைத்து ஆண்டுதோறும் பூசை நடத்தும் ஏற்பாடு ஒன்று உண்டு. அதற்கு மேற்றிராசனத்தின் (மறைமாவட்டத்தின்) எழுத்து அனுமதியும் கணிசமான தொகையும் வேண்டும், ஒரு பெயருக்காக அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை.

இந்த வருடத்துக்கு உரியதை இப்போது கொடுங்கள். உங்கள் அன்பியத்தில் (பங்கின் அக்கம்பக்கத்து ஜெபக் குழுவில்) 30, 35 வயதுள்ள ஒருவரைப் பார்த்து, தோழியின் பெயரும் தேதியும் எழுதிய தாளை ஒப்படையுங்கள். வீட்டு ஜெபப் புத்தகத்தின் முதல் பக்கத்திலும் எழுதி வையுங்கள். அந்தப் புத்தகம் யார் கைக்குப் போகிறதோ, பெயரும் கூடவே போகும்.

முப்பது நாள் விடாமல் வைக்கும் கிரகோரியன் பூசையைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். ஒருவருக்காக 30 பூசை, நாள் தவறாமல். பல சிற்றாலயங்களுக்கு ஓடும் பங்குத்தந்தையால் இதற்கு ஈடுகொடுக்க முடியாது. பல குருக்கள் சேர்ந்து வாழும் துறவியர் இல்லங்களில் கேளுங்கள். முப்பதையும் ஒரே குரு வைக்க வேண்டும் என்றில்லை, நாள்தான் விடக் கூடாது.

கே: நான் கத்தோலிக்கன். சிறுவயதுக் கூட்டாளி மெதடிஸ்ட். முப்பதாம் நாள் கூட்டத்தில் அவர் ஆன்மாவுக்காக ஜெபமாலை சொல்லலாமா என்று கேட்டதற்கு அவர் மகன் முகம் சுளித்துவிட்டான். நான் செய்தது தப்பா?

தப்பில்லை, இடம்தான் வேறு. இறந்தவர்களுக்காக யூதத் தலைவர் யூதா மக்கபே 2,000 வெள்ளிக்காசு திரட்டி எருசலேமுக்குப் பலி செலுத்த அனுப்பியதாக 2 மக்கபேயர் 12ஆம் அதிகாரத்தில் வருகிறது. நம் வழக்கத்துக்கு அது ஓர் ஆதாரம். மெதடிஸ்ட், லுத்தரன் வீடுகளில் இருக்கும் வேதாகமத்தில் அந்தப் புத்தகம் இல்லை. அவர்கள் இறந்தவருக்காக மன்றாடுவதில்லை. அவர் வாழ்ந்த வாழ்வுக்கு நன்றி சொல்வார்கள், மிஞ்சியிருப்பவர்களின் ஆறுதலுக்காக ஜெபிப்பார்கள். அதனால் அந்தக் கூட்டத்துக்குப் பெயரே நன்றி ஆராதனை அல்லது நினைவு ஆராதனை.

அவர்கள் வீட்டில் அவர்கள் முறை. அங்கே ஒரு சங்கீதம் வாசிக்கக் கேளுங்கள். 23ஆவது இரண்டு பக்கத்துக்கும் பொது. எண்ணைச் சொல்லும்போது மட்டும் கவனம். பழைய கத்தோலிக்கப் பதிப்புகளில் அதுவே 22ஆவதாக இருக்கும், ஆளுக்கொரு பக்கம் புரட்டிக்கொண்டு நிற்க வேண்டி வரும். ஜெபமாலையை உங்கள் வீட்டில் சொல்லுங்கள். பூசைக் கருத்தும் கொடுக்கலாம். பெயரைக் கோயிலில் சத்தமாக வாசிப்பதாக இருந்தால் மட்டும் மகனிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

கே: கூட்டாளியைப் பழைய தோட்டத்துக் கல்லறையில் அடக்கம் செய்தோம். தோட்டம் கைமாறிச் செம்பனை ஆகிவிட்டது. மரச் சிலுவை உளுத்து விழுந்துவிட்டது. நாங்கள் நாலு கூட்டாளிகள் சேர்ந்து கட்டலாம் என்றிருக்கிறோம். எப்படிச் செய்வது?

முதலில் குடும்பத்தின் சம்மதம். பிறகு தோட்ட அலுவலகத்துக்கு ஒரு கடிதம்: எந்தத் தேதி, எத்தனை பேர், வண்டி எண்கள், என்ன வேலை. நகல் ஒன்றில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அன்று காவலில் நிற்பவருக்கு விஷயம் தெரிந்திருக்காது. சுத்தம் செய்ய அனுமதி கொடுத்தால் கட்டவும் அனுமதி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், அதைத் தனியாக எழுதிக் கேளுங்கள். எலும்பை எடுத்து வேறிடம் மாற்றும் யோசனை இருந்தால் அது உள்ளூராட்சி அனுமதியோடு மட்டுமே நடக்க வேண்டியது. நாலு கூட்டாளிகள் மண்வெட்டியோடு போய்ச் செய்கிற வேலை இல்லை அது.

எந்தக் குழி என்பதில் சந்தேகம் இருந்தால் பங்கின் இறப்புப் பதிவேட்டைப் பார்க்கக் கேளுங்கள். அடக்கம் செய்த நாளும் இடமும் எழுதப்பட்டிருக்க வேண்டும். அதை வைத்துக்கொண்டு பழைய ஆள் ஒருவரோடு போங்கள். கண்டுபிடித்ததும் கைப்பேசியில் இடத்தைக் குறித்துச் சேமித்துவிடுங்கள். செம்பனைக்குள் எல்லா நெரையும் ஒன்று போலத்தான் தெரியும். தொடர்பு அலை இல்லாத இடத்திலும் இடங்காட்டி வேலை செய்யும்.

மரச் சிலுவை எப்போதும் மண் மட்டத்தில்தான் உளுக்கும். ஈரமும் காற்றும் சேரும் இடம் அது. கரையானும் அங்கேதான் ஏறும். மறுபடி மரமே வேண்டுமென்றால் செங்கால் மரம் வாங்குங்கள். 5 அடிக் கட்டையில் ஒன்றரை அடி மண்ணுக்குள் போகட்டும். குழியின் அடியில் ஒரு சாண் சல்லி போட்டு, சுற்றிலும் காங்கிரீட் ஊற்றி, மேல் பக்கத்தை வெளிப்புறம் சரிவாகத் தீற்றுங்கள். கட்டையின் அடி முனையை மட்டும் காங்கிரீட்டில் மூடாமல் சல்லியில் உட்கார விடுங்கள், உள்ளே இறங்கும் தண்ணீர் வடிய வேண்டும்.

அடக்கம் செய்து ஓராண்டு ஆகாத குழியின் மேல் எதுவும் கட்டாதீர்கள். பெட்டி உளுத்து உள்ளே அமுங்கும்போது மேல்மண் இறங்கும். மேலே ஓடு பதித்திருந்தால் நடுவில் விரிசல் விடும். ஊரில் பாதிக் கல்லறைகள் நடுவில் பிளந்து கிடப்பதற்குக் காரணம் மட்டமான சிமெண்ட் அல்ல, அவசரம். உங்கள் கூட்டாளி போய் ஆண்டு பல ஆகிவிட்டதால் அந்தக் கவலை இல்லை. ஆனாலும் முழுக்க மூட வேண்டாம் என்பது எங்கள் கருத்து. 7 அடி நீளம், 3 அடி அகலத்தில் நான்கு பக்கமும் விளிம்பு மட்டும் கட்டி, நடுவை மண்ணாகவே விடுங்கள். மழை உள்ளே இறங்கும், மண் தாழ்ந்தால் கொட்டி நிரப்பலாம். விளிம்பு 4 அங்குலத் தடிப்பு, 6 அங்குல உயரம் என்றால் 50 கிலோ சிமெண்ட் ஒரு மூட்டை போதும். சிலுவை அடிக்கும் சேர்த்துத்தான் சொல்கிறோம். ஒரு பங்கு சிமெண்ட், இரண்டு பங்கு மணல், நாலு பங்கு சல்லி. தண்ணீரைக் கொட்டிக் கஞ்சியாக்கிவிடாதீர்கள். ஊற்றிய பிறகு ஈரச் சாக்குப் போட்டு ஏழு நாள் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் தங்கியிருக்க ஆளில்லை என்றால் பிளாஸ்டிக் தாளால் இறுக்கி மூடிவிட்டு வரலாம்.

அக்டோபர் கடைசியில் ஆரம்பிக்கலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம். அது நம் பக்கம் மழை கொட்டும் காலம், பல ஆண்டுகளில் தீபாவளியும் அந்தச் சமயத்தில்தான் வரும். வேலை செய்ய ஆளும் கிடைக்காது. சிமெண்ட் வேலையை ஆகஸ்டுக்குள் முடித்துவிட்டு, கல்லறைத் திருநாளுக்கு முந்தின வாரம் சுண்ணாம்பு மட்டும் அடியுங்கள். சுண்ணாம்பை முதல் நாள் இரவே ஊற வைத்து, பால் பதத்துக்குக் கரைத்து, துணியில் வடிகட்டுங்கள். சுவரை நனைத்துவிட்டு, மெல்லியதாக இரண்டு கை. தடியாக ஒரே கையாக அடித்தால் பொடிப்பொடியாக உதிரும். ஏற்கெனவே பெயிண்ட் அடித்த சுவரில் சுண்ணாம்பு ஒட்டாது, சுரண்டிவிட்டுத்தான் அடிக்க வேண்டும். கறுத்த பாசிக்குக் குளோரோக்ஸ் (வெளுப்பு நீர்) ஒரு பங்கு, தண்ணீர் பத்துப் பங்கு. கால் மணி நேரம் ஊறவிட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். அதோடு எந்த அமிலத்தையும் கலக்காதீர்கள், நச்சுப் புகை வரும். பளிங்குக் கல்லாக இருந்தால் வினிகர், எலுமிச்சை பக்கமே கொண்டுபோக வேண்டாம், கல்லை அரித்துவிடும்.

பெயர்க் கல்லில்தான் அதிக மனவருத்தம். கல் வெட்டுகிற பல கடைகளில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர் இல்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பிய எழுத்து அவர்கள் கணினியில் உடைந்துபோகும்: கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போகும், புள்ளி காணாமல் போகும். "யோசேப்பு" என்ற பெயர் வாசிக்கவே முடியாத ஒன்றாகக் கல்லில் ஏறிவிடும். தமிழ் தெரிந்த அச்சகத்தில் எழுத்தைப் படமாக மாற்றித் தரச் சொல்லி அந்தக் கோப்பைக் கொடுங்கள். வெட்டுவதற்கு முன் அசல் அளவில் ஒரு தாள் அச்செடுத்து, இரண்டு பேர் எழுத்தெழுத்தாகப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் முன்பணம். பிறந்த வருடத்தை அடையாள அட்டையோடு மட்டும் ஒப்பிடாதீர்கள், பழைய தோட்டத்துக்காரர்களுக்கு அதில் தப்பு இருக்கக்கூடும். திருமுழுக்குப் பதிவையும் பாருங்கள். அடியில் "கூட்டாளிகள்" என்று போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். குடும்பத்தின் பெயர்களுக்குக் கீழே, ஒரு வரியில், அழகாகப் போடலாம்.

பூச்சாடியில் தண்ணீர் விட்டுவிட்டு வராதீர்கள். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்க ஏழு முதல் பத்து நாள் போதும். கொசு வளர இடம் விடுவது நம் நாட்டில் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமும்கூட. சாடியில் ஈர மணலை நிரப்பிப் பூவைக் குத்தி வையுங்கள், செவ்வந்தி நாலைந்து நாள் தாங்கும். மெழுகுவர்த்திக்கு மூடியுள்ள கண்ணாடிக் கூடு வாங்குங்கள்.

கே: நான் இந்து. ஐம்பது வருடத் தோழி கிறிஸ்தவர். அவள் பூசைக்குப் போகலாமா? கல்லறையில் அவளுக்குப் பிடித்த பலகாரம் வைக்கலாமா?

போங்கள், அம்மா. திருநீறோடு போனாலும் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். மற்றவர்கள் எழும்போது எழுந்து, உட்காரும்போது உட்கார்ந்தால் போதும். முழங்காலிட வேண்டிய கட்டாயம் இல்லை. நற்கருணை வாங்க எல்லாரும் வரிசையில் போகும்போது நீங்கள் இடத்திலேயே இருங்கள். பிரசாதம் போலத் தெரியும், ஆனால் அது கத்தோலிக்கருக்கு மட்டும் உரியது.

கல்லறையில் படைப்பதைக் கிறிஸ்தவக் குடும்பங்கள் பெரும்பாலும் விரும்புவதில்லை. மெழுகுவர்த்தியும் பூவும் வையுங்கள். பலகாரத்தைச் செய்து அவள் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பேரப்பிள்ளைகளிடம் கொடுங்கள்.

இதையே திருப்பிக் கேட்டிருக்கிறார் இன்னொருவர்: "என் கூட்டாளி இந்து, அவருக்குப் பூசை வைக்கலாமா?" வைக்கலாம். உயிரோடிருப்பவர், இறந்தவர் யாருக்காகவும் குரு பூசை ஒப்புக்கொடுக்கலாம் என்கிறது சட்டம் 901. கிறிஸ்தவர்களுக்கு மட்டும் என்று அது சொல்லவில்லை.

கே: அடக்கப் பூசையில் என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். என்ன பேசுவது, எவ்வளவு நேரம்?

குருவிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். அடக்கப் பூசையில் மறையுரை புகழுரையாக இருக்கக் கூடாது என்பது விதி. நண்பர் பேசுவதாக இருந்தால் நற்கருணைக்குப் பிறகு, பெட்டியருகே நடக்கும் இறுதிப் பிரியாவிடைக்கு முன். சில குருக்கள் அதையும் முந்தின இரவு வீட்டு ஜெபத்துக்குத் தள்ளிவிடுவார்கள். கோபப்படாதீர்கள், வீட்டில் பேசுவதுதான் உண்மையில் வசதி, அழுகை வந்தாலும் நிறுத்தித் தொடரலாம்.

நான்கு நிமிடம். கையெழுத்தில் பெரிதாக எழுதினால் இரண்டு பக்கம். கைப்பேசியைப் பார்த்து வாசிக்காதீர்கள், நடுவில் திரை அணைந்துவிடும், இல்லையென்றால் யாராவது கூப்பிடுவார்கள். "நல்லவர், வல்லவர், எல்லாருக்கும் உதவியவர்" என்பது யாருக்கும் பொருந்தும். அதற்குப் பதில் ஒரே ஒரு காரியத்தைச் சொல்லுங்கள்: பெரட்டுக்கு (தோட்டத்துக் காலை ஆள்கணக்குக்கு) முன் இருட்டில் உங்கள் வாசலில் மணியடித்துக் காத்திருந்த சைக்கிள், கோயில் மேளம் பழுதானபோது அவர் தோல் கட்டிய விதம். குடி, கடன், பழைய சண்டை எதுவும் வேண்டாம். மனைவிக்குத் தெரியாத எதையும் அங்கே முதல் முறையாக அவிழ்க்காதீர்கள். "இப்போதே மோட்சத்தில் இருக்கிறார்" என்று அடித்துச் சொல்லவும் வேண்டாம். அடுத்த நிமிடம் எல்லாரும் அவர் இளைப்பாற்றிக்காக மன்றாடப் போகிறார்கள்.

கே: நண்பரின் அஸ்தியை மகன்கள் பாதிப் பாதியாகப் பிரிக்கப் பேசுகிறார்கள். திருச்சபை என்ன சொல்கிறது?

தகனத்தைக் கத்தோலிக்கத் திருச்சபை 1963இல் அனுமதித்தது. 2016இல் வந்த அறிவுறுத்தலின்படி அஸ்தியைக் கல்லறையிலோ கோயில் அஸ்தி மாடத்திலோ வைக்க வேண்டும். கடலில் கரைக்கவோ, பிள்ளைகளுக்குள் பங்கிடவோ கூடாது. 2023 டிசம்பரில் ஒரு சிறு தளர்வு: மிகச் சிறிய ஒரு பகுதியை, இறந்தவருக்கு முக்கியமான ஓரிடத்தில் வைக்கக் குடும்பம் கேட்டால் திருச்சபை அதிகாரம் பரிசீலிக்கலாம். பாதிப் பாதி அதில் அடங்காது. இதை நீங்கள் ஒருமுறை மகன்களிடம் சொல்லலாம், குருவிடம் அழைத்துப் போகலாம். அதற்கு மேல் முடிவு அவர்களுடையது.

கே: ஆண்டுப் பூசை முடிந்துவிட்டது. இனி அவருக்காக என்ன செய்ய?

2 சாமுவேல் 9ஆம் அதிகாரத்தை எடுத்து வாசியுங்கள். தாவீதின் உயிர் நண்பன் யோனத்தான் இறந்து வருடங்கள் கழிந்து, "அவனை முன்னிட்டு நான் தயவு காட்ட இந்த வீட்டில் யாராவது மிஞ்சியிருக்கிறார்களா?" என்று தாவீதுதான் விசாரிக்கிறான். இரண்டு காலும் ஊனமான மகன் ஒருவன் இருப்பது தெரிகிறது. தாவீது செய்தவை மூன்று: பாட்டனின் நிலத்தைத் திருப்பிக் கொடுத்தான், அதைப் பயிரிட ஆள் வைத்தான், தினமும் தன் பந்தியில் உட்கார வைத்தான். பத்திரம், வேலையாள், சாப்பாடு.

உங்கள் கூட்டாளி வீட்டில் விசாரியுங்கள். ஊழியர் சேமநிதிப் பணம் எடுக்க ஆவணம் சேர்க்கத் தெரியாமல் இருக்கலாம். மருத்துவமனைச் சந்திப்புக்கு ஈப்போ போக அவர் மனைவிக்குத் துணை இல்லாமல் இருக்கலாம். "ஏதாவது வேண்டுமென்றால் சொல்லுங்கள்" என்றால் யாரும் சொல்ல மாட்டார்கள். "வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு வண்டியோடு வருகிறேன்" என்று சொல்லுங்கள். பணம் திரட்டினால் இரண்டு பேர் கணக்கு வைத்து, தொகையைக் குடும்பத்துக்கு எழுதிக் கொடுங்கள்.

கே: கூட்டாளிகளுக்கென்று திருச்சபையில் ஒரு நாள் உண்டா? அடக்கத்துக்கு என்னால் போக முடியவில்லை, அதனால் கேட்கிறேன்.

ஜனவரி 2. புனித பசிலியாரும் நாசியான்சு கிரகோரியாரும் ஏதென்ஸில் ஒன்றாகப் படித்த நண்பர்கள். இருவருக்கும் ஒரே திருநாள். பசிலியார் 379இல் இறந்தபோது கிரகோரியார் நோயில் படுத்திருந்தார், அடக்கத்துக்குப் போக முடியவில்லை. நண்பருக்கான நினைவுரையை அவர் ஆற்றியது சில ஆண்டுகள் கழித்துத்தான். ஜனவரி 2க்குக் கருத்துக் கொடுக்க டிசம்பர் தொடக்கத்திலேயே போங்கள். கிறிஸ்துமஸ் வாரம் அலுவலகம் பூட்டியிருக்கலாம்.